ஐஸ் கம்பெனித் தரையில் நடமாடிய ஈரம்

எங்கள் கல்லுமுனையில் ஐஸ் கம்பெனி மூடி மூன்றாவது வருஷம் நடந்தது இது. கேட்கிறவர்கள் நம்பித்தான் ஆகவேண்டும் என்றில்லை. நாங்களே நம்பினோமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, பழகிக்கொண்டோம் என்று மட்டும் மாதா பீடத்துக்கு முன்னால் நின்று சொல்வேன்.

நாற்பது வருஷமாக அந்தக் கூடத்துக்குள் ஐஸ் பாளம் பாளமாக இறங்கி, கான்கிரீட் தரையில் சறுக்கி, இடிபட்டு, கூடையில் ஏறி, வள்ளத்துக்கும் சந்தைக்கும் போய்க்கொண்டே இருந்தது. பெரிய ஊரிலிருந்து லாரியிலேயே ஐஸ் வரத் தொடங்கிய பிறகு முதலாளி கதவைப் பூட்டிவிட்டார். பூட்டிக் கிடந்த அந்தக் கூடத்தை எங்கள் பெண்பிள்ளைகள் ஷட்டில் விளையாடுவதற்குக் கொடுங்கள் என்று கேட்டுப் போனவள் ஜெனோவா டீச்சர். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் அவள். பதினேழு வயதில் மாநில அளவுக்குப் போய் ஆடியவள், ஒரு நாள் சிமென்ட் தரையில் எம்பிக் குதித்து இறங்குகையில் முட்டி திருகிக்கொண்டது, இரண்டு தடவை அறுத்தும் சரியாகவில்லை, அத்தோடு ஆட்டம் நின்றது. இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினோரு பேருக்குப் பள்ளிக்கூட முற்றத்துச் சிமென்டில் சொல்லிக்கொடுக்கிறாள், ஒவ்வொரு பிள்ளையும் மேலே எம்பும்போது இவள் கண்ணை மூடிக்கொள்கிறாள், அது தரையில் இறங்கி நின்ற பிறகுதான் திறக்கிறாள். இதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம், யாரும் அவளிடம் சொன்னதில்லை.

முதலாளி ஒரு பேச்சுத்தான் சொன்னார். மே மாதத்துக்குள் மரத்தரை போட்டு, மாவட்ட ஷட்டில் சங்கத்து ஆள் வந்து பார்த்து இது ஆடத் தகுந்த தரை என்று கையெழுத்துப் போட்டால் கூடம் பிள்ளைகளுக்கு, இல்லையென்றால் நண்டு கம்பெனிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கு. பலகையை வெளிநாட்டில் நர்ஸாக இருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்து அனுப்பினார்கள், அதில் என் இளையவளும் ஒருத்தி, ஆண்டவர் அவளைக் காப்பாராக. லாரியில் வந்து இறங்கிய பலகைக்கட்டோடு ஒரு காகிதமும் வந்தது. மரம் பதிப்பதற்கு முன்னால் கான்கிரீட்டில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், கை நீளத்துக்குப் பாலித்தீன் தாளை விரித்து நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடவேண்டும், பிரித்துப் பார்க்கும்போது அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ பலகையைத் தொடவே கூடாது என்று அதில் போட்டிருந்தது. ஜெனோவா அதை மூன்று தடவை சத்தமாக வாசித்தாள்.

பலகை பதிக்க வந்தவன் அவளுடைய அண்ணன் லொயோலா. அவன் ஓடாவி, வள்ளம் கட்டுகிற தச்சன், பிறந்ததிலிருந்து தரையில் ஒரு பலகை பதித்தவன் இல்லை. மூன்றாவது தடவை வாசித்து முடித்ததும் அவன் சிரித்துவிட்டான்.

"மரத்துக்கு ஈரம் ஆகாதுன்னு எவன்டி எழுதுனான்? புது வள்ளத்தத் தண்ணியில எறக்குன அன்னைக்கு இடுக்கெல்லாம் ஒழுகும். ரெண்டு நாளு பலகை தண்ணியக் குடிச்சு ஊதுச்சுன்னா தானா மூடிக்கிடும். ஈரம் இருந்தா நல்லதுல்லா?"

சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம், ஏனென்றால் கல்லுமுனையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. ஜெனோவா மட்டும் தலையாட்டாமல், டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, கூடத்தின் நடுவில் முதல் தாளை ஒட்டினாள்.

இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால் தாளுக்கு அடியில் அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடக்கிறது தரை. ஆனால் தாளிலிருந்து அரை எட்டு தள்ளி, ஒரு சுளகு அகலத்துக்குக் கறுப்பாக ஈரம் படுத்திருக்கிறது, தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. சரி, இடம் தவறிவிட்டது என்று அந்த ஈரத்தின் மேலேயே தாளை ஒட்டினார்கள். மறுநாள் தாளுக்கு அடியில் ஈரம் இல்லை, அது ஜன்னல் பக்கம் போய்ப் படுத்திருந்தது. ஜன்னல் பக்கம் ஒட்டினார்கள், அது ஐஸ் இடிக்கிற இயந்திரம் இருந்த மூலைக்குப் போயிற்று. ஐந்து இடத்தில் ஐந்து தாளை ஒரே நேரத்தில் ஒட்டினார்கள், ஆறாவது இடத்தில் அது இருந்தது. தாளை விரிக்கிற சரசரப்புக் கேட்டாலே அது மெதுவாக, கோழி அடைக்கு நகருவது மாதிரி நகருவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்தார்கள். டீச்சர், அது கூச்சப்படுது என்று ஒரு பிள்ளை சொல்ல, வேறு எந்த விளக்கமும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

லொயோலாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தாளுக்கு அடியில் காய்ந்திருக்கிறதா இல்லையா, காகிதத்தில் உள்ளபடிதானே பார்த்தோம் என்று சொல்லி, தங்கச்சி பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரம் கிழக்கு மூலையில் ஒரு பாய் அகலத்துக்குப் பலகையை இறுக்கமாகச் சேர்த்து, சுவரோடு சுவராக முட்டக் கொடுத்து, வள்ளத்துக்கு அடிக்கிற மாதிரி அடித்துவிட்டான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் ஈரம் அந்தப் பலகைக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறது, பலகை தண்ணீரைக் குடித்துக் குடித்து ஊதி, விரிய இடமில்லாமல் மேலே எழும்பி, நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி நிற்கிறது. ஊர் முழுக்க வந்து பார்த்தது. லொயோலா தரையில் வள்ளம் கட்டிவிட்டான், கவிழ்த்துக் கட்டிவிட்டான், இனி கூரையைப் பிரித்துத்தான் கடலுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று மூன்று நாள் அவனைக் கடைத்தெருவில் நடக்கவிடவில்லை. அவன் பலகையைப் பெயர்த்து வெயிலில் காயவைத்தான், அந்தக் காகிதத்தை வாங்கித் தானே ஒரு தடவை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

இதற்குள் சித்திரை வெயில் ஏறிவிட்டது, ஈரம் எங்களோடு பழகிவிட்டது. யாரோ அதற்குக் குளிரி என்று பேர் வைத்தார்கள், வீட்டில் வளர்க்கிறதைச் சொல்கிற மாதிரி, குளிரி இன்றைக்கு எங்கே படுத்திருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே பெண்கள் உள்ளே வந்தார்கள். கோயில் பூ வாடாமல் இருக்க அதன் ஓரத்தில் வைத்தார்கள், தயிர்ச் சட்டியை வைத்தார்கள், உள்ளங்கால் எரிச்சல் உள்ள மிக்கேலம்மாள் மத்தியானம் முழுக்க அதில் காலை வைத்துக்கொண்டு செபமாலை சொன்னாள், நானும் இரண்டு நாள் அவளோடு உட்கார்ந்து சொன்னேன், அந்தக் குளிர்ச்சியில் மாலையின் ஐம்பத்து மூன்று மணியும் விரலில் உருண்டு போனதே தெரியவில்லை. பங்குச் சாமியை அழைத்துவந்து மந்திரித்துப் போகச் சொல்லிப் பார்த்தோம். அவர் நல்லவர், இது பேயும் இல்லை பிசாசும் இல்லை, ஆண்டவர் படைத்த தண்ணீர், இதை எதைச் சொல்லி விரட்டுவது என்று யோசித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தீர்த்தம் தெளித்தார். குளிரி அந்தத் தீர்த்தத்தையும் குடித்து ஒரு சாண் பெருத்தது. சாமியார் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லோரையும் விட அதனிடம் ஒட்டிக்கொண்டவள் பிரகாசி. மீன் விற்கிறவள், முப்பது வருஷம் இதே கூடத்திலிருந்து ஐஸ் இடித்துக் கூடையில் போட்டுத் தலையில் சுமந்துபோனவள், சும்மாடு நனைந்து கழுத்து வழியாக முதுகில் ஒழுகாத நாளே அவளுக்குக் கிடையாது. கூடத்தைப் பூட்டிய பிறகு லாரி ஐஸ் அவளுக்குக் கட்டுபடியாகாமல், பத்து மணிக்கெல்லாம் மீன் கண் வெளுத்து, கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வருவாள். இப்போது விடியற்காலையில் எடுத்த மீனைக் குளிரி மேல் பரப்பி வைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப்போய் விற்கிறாள், மத்தியானம் வரைக்கும் செவுள் சிவப்பாகவே இருக்கிறது. அவளைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

சங்கத்து ஆள் மே மாதம் இரண்டாவது வியாழன் வருகிறார் என்று கடிதம் வந்த அன்றைக்கு ஜெனோவா பிரகாசி முன்னால் போய் நின்றாள். நாங்கள் எல்லோரும் கூடத்துக்குள்தான் இருந்தோம்.

"எக்கா, இது இருந்தா பலகை போட முடியாது."

"பலகை போட்டா என் மீனு நாறும்."

"பிள்ளைங்க முட்டி போயிரும்க்கா. என்னையப் பாக்கீங்கல்லா?"

பிரகாசி மீனைப் புரட்டி வைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "எனக்கும்தான் முட்டி தேஞ்சிருக்கு. அதுக்கு எவ பலகை போட்டா?"

ஊர் இரண்டாகப் போனது அன்றைக்குத்தான். பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒரு பக்கம், மீன் விற்கிறவர்கள் ஒரு பக்கம், பிள்ளையையும் பெற்று மீனும் விற்கிறவர்கள் காலையில் ஒரு பக்கமும் சாயங்காலம் ஒரு பக்கமும் பேசினார்கள். நண்டு கம்பெனிக்காரர்கள் அளவு நாடாவோடு வந்து வாசலை அளந்துவிட்டுப் போனார்கள். கோயிலில் திருப்பலி முடிந்தும் ஜெனோவா எழுந்திரிக்காமல் உட்கார்ந்திருந்தாள், நான் பக்கத்தில் போகவில்லை, பின்னால் இருந்து அவளுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை அவள் பள்ளிக்கூடம் போகிற வழியில் கரையில் ஆட்கள் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது தினமும் நடப்பதுதான், கடலில் அரைவட்டமாக வலையைப் போட்டு, இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டம் பிடித்து, பாட்டுப் பாடி இழுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து, கடைசியில் மீன் அத்தனையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அவள் அதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். அன்றைக்கு நின்று பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நேரே அண்ணன் பட்டறைக்குப் போய், நாம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாள் ஒட்டியது தப்பு, கடலில் கைக்குட்டையைப் போட்டு மீன் பிடிக்கப் பார்த்திருக்கிறோம், சுவரிலிருந்து சுவர் வரைக்கும் ஒரே தாளாக வேண்டும், வலை மாதிரி, என்று சொன்னாள். லொயோலா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, பலகை ஊதிய நாளிலிருந்து அவன் அப்படித்தான் இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் அறுபது பெண்கள் கூடத்துக்குள் நுழைந்தோம். ஆண்கள் வாசலில் நின்று, பெண்கள் கரைவலை இழுத்து எங்கே பார்த்தோம் என்று கேலி பேசினார்கள், இன்றைக்குப் பாருங்கள் என்று மிக்கேலம்மாள் சொன்னாள். பாலித்தீன் தாளைப் பாயாகப் பாயாக ஒட்டி, கூடத்தின் அகலத்துக்கு ஒரே விரிப்பாக்கி, மேற்குச் சுவரில் டேப் போட்டு ஒட்டி, மறு ஓரத்தை நாங்கள் வரிசையாகப் பிடித்துக்கொண்டு குனிந்து ஒரு எட்டு வைப்போம், லொயோலா எங்கள் காலுக்குப் பின்னால் முட்டி போட்டுத் தவழ்ந்து ஓரத்தை அழுத்திக்கொண்டே வருவான், பிறகு அடுத்த எட்டு. பாட்டு இல்லாமல் இழுத்தால் கை சேராது என்று ஒருத்தி எடுத்துக் கொடுக்க, ஏலோ, எட்டு வைப்போம், ஏலோ, பிள்ளை ஆட, ஏலோ, பாதை விடு, ஏலோ, குளிரித் தாயே என்று நாங்களே கட்டிப் பாடினோம், அந்தக் கூடத்துக்கு அப்படி ஒரு எதிரொலி இருப்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குளிரி முதலில் ஜன்னல் பக்கம் போனது, அங்கே வரிசை நெருங்கியது, மூலைக்குப் போனது, அங்கேயும் நெருங்கியது. ஒரு தடவை இரண்டு தாள் சேருகிற இடத்தில் விரல் அகலத்துக்கு ஒடுங்கிப் பின்பக்கம் நழுவப் பார்த்தது, மிக்கேலம்மாள் தன் எரிச்சல் காலை அங்கே அழுத்தி வைத்துவிட்டாள். முக்கால் கூடம் போய், அரைக்கால் கூடம் மிச்சமாகி, கடைசியில் வாசல் நிலைப்படி ஓரத்தில் அது போய் நின்றது.

அங்கே நின்றது நின்றதுதான். படியைத் தாண்டினால் பதினோரு மணி வெயிலில் கொதிக்கிற மணல். பின்னால் தாளோடு நாங்கள். சுளகாக இருந்தது தட்டாக ஒடுங்கி, தட்டு கிண்ணத்தின் வாயளவாகி, நடுங்கிக்கொண்டு கிடந்தது. எங்களுக்குக் கை கடுத்தது, பாட்டு நின்றுபோனது. லொயோலா மெதுவாக, இன்னும் ஒரே எட்டு, தாளைப் போட்டு மூடிவிட்டால் போக வழியில்லாமல் இங்கேயே வற்றிப்போகும், வேலை முடிந்தது என்றான். அது உண்மைதான். தரை ஜெனோவாவுக்குக் கிடைத்தாயிற்று, ஒரு எட்டுத்தான்.

"மூடாதீங்க," என்றாள் ஜெனோவா. "பிடிச்சுக்கிட்டே நில்லுங்க."

கையை விட்டால் அது உள்ளே ஓடிவிடும், சங்கத்து ஆள் வருகிற வியாழன் கைதவறிப் போய்விடும், இது அவளுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும், ஆனாலும் அறுபது பேரும் குனிந்த குனிப்பில் நின்றோம், நான் மனதுக்குள் மங்கள வார்த்தை செபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் பிரகாசி சந்தையிலிருந்து காலிக் கூடையோடு வந்தாள். இழுக்கிறதுக்கு வரமாட்டேன் என்று காலையில் சொல்லிவிட்டுப் போனவள். வாசலில் நின்ற ஆண்களை விலக்கிக்கொண்டு வந்து படிக்கு வெளியே நின்று, அந்தக் கிண்ணத்து வாயளவு ஈரத்தையும், தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எங்களையும், அதை மூடவிடாமல் கையை நீட்டிக்கொண்டு நிற்கிற ஜெனோவாவையும் பார்த்தாள். பிறகு கூடையைத் தலையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அதன் நிழல் படிமேல் விழுகிற மாதிரி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"முப்பது வருஷம் என் கழுத்து வழியா ஒழுகுனவதான நீ," என்றாள். "எனக்குத் தெரியாதா ஒன்னைய? வா. நடக்குற தூரந்தான்."

குளிரி படியேறி, படியிறங்கி, அவளுடைய நிழலுக்குள் போய் நின்றது. உச்சி நெருங்குகிற நேரத்து நிழல், ஒரு கூடையளவுதான் இருக்கும், அதற்குள் அது அளவெடுத்துத் தைத்த மாதிரிச் சரியாக அடங்கியது. பிரகாசி திரும்பி மெதுவாக நடந்தாள். அவள் ஒரு எட்டு வைத்தால் நிழலும் ஒரு எட்டு, நிழலுக்குள் ஈரமும் ஒரு எட்டு, மணலில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆண்கள் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள், சப்பரம் போகும்போது ஒதுங்குகிற மாதிரி. அப்படியே கடைத்தெரு வழியாக நடந்து ஏலக்கூடத்துக்குள் போய், மீன் விற்கிற பெண்கள் உட்காருகிற வரிசையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை நிழலில் அவள் நிற்க, அது அவள் காலடியில் இறங்கி, அகன்று, அகன்று, அந்த வரிசை முழுக்கப் பரந்து படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்கள் ஊர்ப் பெண்கள் விற்கிற மீன் சாயங்காலம் வரை கெடுவதில்லை. வெளியூரிலிருந்து வாங்க வருகிறார்கள்.

ஜெனோவா அன்றைக்கே விரிப்பைச் சுருட்டிவிட்டு, ஒன்பது இடத்தில் ஒன்பது தாளைக் காகிதத்தில் சொன்னபடி ஒட்டினாள். செவ்வாய்க்கிழமை பிரித்தபோது ஒன்பதும் காய்ந்திருந்தன, கூடத்தில் எந்த மூலையிலும் வேறு ஈரம் இல்லை. லொயோலா பலகை பதிக்க உட்கார்ந்தான். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடவேண்டும், மரம் மூச்சு விடுவதற்கு என்று காகிதம் சொல்கிறது. இடைவெளி விட்டே பழகாத கை அவனுடையது. விடுகிறபோதெல்லாம், கடல் உள்ளே வந்துவிடாதா என்று முணுமுணுத்தான், இங்கே கடல் இல்லை அண்ணே என்று தங்கச்சி ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள். ஊரிலுள்ள ஓடாவிகள் எல்லோரும் வள்ளத்தைப் போட்டுவிட்டு வந்து அவனோடு உட்கார்ந்தார்கள். எட்டு நாள் வேலை நடந்து, இரண்டாவது வியாழனுக்கு முந்தின நாள் கடைசிப் பலகை விழுந்தது.

சங்கத்திலிருந்து வந்தவர் கோமதிநாயகம் சார், பேசாத மனிதர். இரண்டு ஊசி வைத்த ஒரு கருவியை எடுத்துப் பலகையில் குத்திப் பார்த்தார், இடம் மாற்றிக் குத்தினார், சுவரோரம் இடைவெளி வழியாக விட்டுக் கான்கிரீட்டில் வைத்துப் பார்த்தார், கருவி கெட்டுவிட்டதோ என்று தன் உள்ளங்கையில் வைத்தும் பார்த்தார். ஐஸ் கம்பெனித் தரை காய்வதற்குப் பத்து வருஷமாவது ஆகுமே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பின்னாலிருந்து மிக்கேலம்மாள் சொன்னாள்.

"இழுத்தோம் சார்."

அவர் தரையைப் பார்த்தார். குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவர் பேனாவை மூடுவதற்கு முன்னால் பிள்ளைகள் பதினோரு பேரும் பலகைமேல் இறங்கிவிட்டார்கள். முதலில் ஒன்று எம்பியது, அப்புறம் இரண்டு, அப்புறம் எல்லாமே, ஜெனோவா சுவரில் சாய்ந்துகொண்டு ஒவ்வொருத்தி குதிப்பதையும் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தாள். சிமென்டில் குதித்தால் வருகிற சத்தம் வேறு, அது குதித்தவளுக்கே திருப்பி அடிக்கிற சத்தம். இது வாங்கிக்கொண்டு மறுபடியும் தூக்கி விடுகிற சத்தம், தொம் தொம்மென்று கூரையில் மோதி, ஜன்னல் வழியாக வெளியே போய், கரையைத் தாண்டிக் கடல்மேல் போய்க்கொண்டே இருந்தது.

மத்தியானம் வள்ளங்கள் கரை சேர்ந்ததும் கடலிலிருந்து இறங்கிய ஆண்கள் காலை நனைத்துக்கொண்டே எங்களைப் பார்த்துக் கேட்டார்கள். ஆறு பாகம் ஆழக் கடலில் நிற்கும்போதே பலகை அடிக்கிற சத்தம் கேட்டதே, கல்லுமுனையில் யார் வீட்டில் புது வள்ளம் கட்டுகிறார்கள் என்று.

"நம்ம பிள்ளைங்க பதினோரு பேரும் கட்டுதாளுவ," என்றோம். "செருப்பக் கழட்டிட்டு வந்து பாருங்க."